பயங்கரவாதத்தின் வேரும் சட்டத்தின் வலையும்

பெங்களூரின் தென்புறத்தே கனகபுரா சாலையை ஒட்டியுள்ள கோணனகுண்டே இன்று நகரத்தோடு கலந்துவிட்டது. 1991ஆம் ஆண்டில் அது ஊர்ப்புறம். அவ்வாண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் விடியற்காலையில், அங்கிருந்த வாடகை வீடொன்றினுள் அதிரடிப் படையினர் புகுந்தபோது, உள்ளிருந்த எழுவரும் உயிரற்றுக் கிடந்தனர். மே 21ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தியையும் உடனிருந்த பலரையும் பலிகொண்ட சதியை முன்னின்று நடத்திய சிவராசன் அவர்களுள் ஒருவன். உயிருடன் பிடிபட்டிருந்தால் அவன் வாய்மொழியாகவே பல உண்மைகள் வெளிவந்திருக்கும். முற்றுகையிட்டுக் காத்திருந்த நேரத்தில் அவ்வாய்ப்பு நழுவிற்று.

அவர்களுள் பலர் பேசியது நம் மொழி. ஒளிந்ததும் தமிழர் பெருந்தொகையினராய் வாழும் நகரத்தில். ஆதலின் பயங்கரவாதம் எவ்வாறு பிறக்கிறது, அரசாங்கம் அதனை எவ்வாறு எதிர்கொள்கிறது என்னும் இரு வினாக்களையும் இந்நிகழ்ச்சியைக் கொண்டே ஆராய்வது பிற மாநிலங்களில் வாழும் நமக்குப் பொருத்தமாகும்.

இலங்கையில் 1956ஆம் ஆண்டில் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி எனச் சட்டம் வந்தது. அதனை எதிர்த்துச் செல்வநாயகம் முதலியோர் கொழும்புக் காலிமுகத் திடலில் அமைதியாக அறப்போர் செய்தனர். கும்பல் அவர்களைத் தாக்கிற்று. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983 ஜூலையில் தமிழர் கொன்று குவிக்கப்பட்டனர். அதன் பின்னரே இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் ஆயுத இயக்கங்களை நாடினர். அறவழி அடைபட்ட இடத்தில் ஆயுதவழி திறந்தது என்று இதனைச் சொல்லலாம்.

ஆனால் குறை இருந்ததனாலேயே கொலை வந்தது என்று முடித்துவிடலாகாது. அதே குறையைச் சுமந்த இலட்சக்கணக்கானோர் எவரையும் கொல்லவில்லை. குறையுள்ள நிலத்தில் இரகசிய அமைப்பும், பணமும், படைக்கலமும், மாற்றுக் கருத்தைப் பொறாத தலைமையும் சேரும்போதுதான் பயங்கரவாதம் உருவெடுக்கிறது. விடுதலைப் புலிகள் 1989இல் அமிர்தலிங்கத்தைக் கொன்றனர். அவர் தமிழர்தம் உரிமைக்காகவே பேசியவர். இந்திய அமைதிப் படையோடு 1987 முதல் போரிட்ட அவர்கள், ராஜீவ் மீண்டும் பிரதமரானால் படை திரும்ப வரும் என அஞ்சினர். அவ்வச்சமும் பகையுமே ஸ்ரீபெரும்புதூர்வரை வந்தன.

இனி அரசாங்கத்தின் மறுமொழி. புலிகள் இயக்கம் 1992இல் தடைசெய்யப்பட்டது; அது வேண்டிய செயலே. ஆயினும் கொலை வழக்கு நடந்தது ‘தடா’ச் சட்டத்தின்கீழ். காவல்துறை உயர் அதிகாரியிடம் தரும் வாக்குமூலமே சான்றாகும் என்றது அச்சட்டம். 1998இல் 26 பேருக்கும் தூக்குத் தண்டனை விதித்தது விசாரணை நீதிமன்றம். மறு ஆண்டு உச்ச நீதிமன்றம், ‘தடா’வின்படி பயங்கரவாதக் குற்றம் நிறுவப்படவில்லை எனக் கூறி, 19 பேரைக் கொலைச் சதியினின்று விடுவித்தது. எனினும் அவ்வாக்குமூலங்களைச் சான்றாகக் கொண்டு, நால்வருக்குத் தூக்கை உறுதி செய்தது.

அந்நால்வருள் பேரறிவாளன் ஒருவர். கைதானபோது வயது 19. சிவராசனுக்கு இரண்டு மின்கலங்கள் வாங்கித் தந்தார் என்பது குற்றச்சாட்டு. அவை எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாக, வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே ஓய்வுபெற்ற பின்னர் 2013இல் வெளிப்படையாகக் கூறினார். ஒரு வாக்கியம்தான், அதன் எடை எவ்வளவு! 2014இல் தூக்கு ஆயுள் தண்டனையாயிற்று. 2022 மே 18ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன. கொலையுண்டோர் குடும்பங்களுக்கும் இத்தகைய வழக்கால் முழு மனநிறைவு கிட்டியிருக்குமா?

‘தடா’ 1995இல் காலாவதியாயிற்று. பின்வந்த ‘பொடா’ 2004இல் நீக்கப்பட்டது. மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008இல் தேசியப் புலனாய்வு முகமை தோன்றிற்று. 1967ஆம் ஆண்டின் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டமும் கடுமையாக்கப்பட்டது. காவலரிடம் தரும் வாக்குமூலத்தை அச்சட்டம் சான்றாக ஏற்பதில்லை, இது நல்லது. ஆனால் குற்றப்பத்திரிகைக்கு முன்னரே 180 நாள்வரை காவலில் வைக்கவும் அதில் இடமுண்டு. பிணை கிடைப்பதும் அரிது.

பெங்களூரில் 2024 மார்ச்சு 1ஆம் நாள், உணவு விடுதியொன்றில் குண்டு வெடித்துப் பலர் காயமுற்றனர். குண்டு வைத்தவனின் தொப்பி சென்னையில் வாங்கப்பட்டது என்று துப்பு கிடைத்தது. அம்மாதமே மத்திய இணை அமைச்சர் ஒருவர், தமிழ்நாட்டவர் வந்து குண்டு வைக்கின்றனர் எனப் பொதுப்படப் பேசினார். அச்சொல் பரவிய நாள்களில் இந்நகரத் தமிழர்களுக்கு நேர்ந்த மனவருத்தத்தை நாம் விளக்க வேண்டுவதில்லை. புலனாய்வு முகமையோ தொப்பியையும் காமிராப் படங்களையும் தொடர்ந்து சென்று, ஏப்பிரல் 12ஆம் நாள் மேற்கு வங்காளத்தில் இருவரைக் கைது செய்தது. இருவரும் கர்நாடகத்துச் சிவமொக்கா மாவட்டத்தினர். அமைச்சர் பின்னர் மன்னிப்புக் கோரினார்.