இறங்கும் மின்கலவடுக்கும் அதன் காரணங் காணும் முறையும்

காலையில் மோட்டார் வண்டி இயங்க மறுக்குமாயின் வண்டிக்குரியவர் முதலிற் பழிப்பது அதன் மின்கலவடுக்கையே. பற்றரி இறங்கிவிட்டது என்பர். அயலவர் நால்வரை அழைத்துத் தள்ளுவித்தோ, மற்றொரு வண்டியிலிருந்து வடம் இட்டு மின் பெற்றோ அன்றைய கருமத்தை முடித்துக்கொள்வர். அடுத்த கிழமையும் அவ்வாறே நிகழின் புதியதொன்றை வாங்கிப் பூட்டுவர். புதியதும் இரண்டொரு மாதத்தில் இறங்கும்போது விற்றவரைக் குறைகூறுவர். வாடகைக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவர்க்கு இவ்வாறு ஈரடுக்கு வாங்குதல் சிறு செலவன்று. மின்கலவடுக்கு மீண்டும் மீண்டும் இறங்குவது நோயின் குறியேயன்றி எப்பொழுதும் நோயாகாது. நோய் எங்குள்ளதென அறிதற்குச் சில எளிய அளவீடுகள் போதியன.

ஈயத் தகடுகளையும் சல்பூரிக்கமிலத்தையுங் கொண்டு மீள ஏற்றத்தக்க கலத்தை முதன்முதல் ஆக்கியவர் பிரான்சிய அறிஞரான காஸ்தன் பிளாந்தே, ஆண்டு 1859. மோட்டார் வண்டியில் அது இன்றியமையாத உறுப்பாயது 1912-ஆம் ஆண்டுக்குரிய கடிலாக் வண்டியிற் சாள்ஸ் கெற்றறிங் மின்தொடக்கியைப் பொருத்திய பின்னரே. அதன்முன் கைப்பிடியாற் சுழற்றியே எந்திரத்தைத் தொடக்கினர். ஆங்கிலப் பெயர் பீரங்கி வரிசையைக் குறிக்கும் சொல். பெஞ்சமின் பிராங்கிளின் அதனை மின்சாடிகளின் வரிசைக்கு இட்டு வழங்கினார். நம்மவர் ஆக்கிய மின்கலவடுக்கு என்னுஞ் சொல் அதனினும் பொருத்தமானது. ஏனெனில் 12 உவோற்று அடுக்கினுள் ஏறத்தாழ 2.1 உவோற்றுத் தருங் கலங்கள் ஆறு தொடராக அடுக்கப்பட்டுள்ளன. ஆறில் ஒன்று கெடினும் அடுக்கு முழுவதும் பயன்படாது.

ஏற்றம் பெற்ற கலத்தில் நேர்த்தகடு ஈயவீரொட்சைட்டு, மறைத்தகடு கடற்பஞ்சு போன்ற ஈயம். மின் இறங்குங்கால் இரு தகடுகளும் ஈயசல்பேற்றாக மாறுகின்றன. அமிலம் செலவாகி நீர் மிகுகின்றது. ஏற்றுங்கால் இவை மறுதலையாக நிகழும். இவ்வளவே வேதியியல். ஆயின், இறங்கிய நிலையிற் பல நாள் விடப்பட்ட கலத்திலுள்ள நுண்ணிய சல்பேற்று, பருத்த பளிங்குகளாக இறுகி, ஏற்றினும் முழுவதும் கரையாது தங்கிவிடும் என்பதைப் பலர் உணர்வதில்லை. எனவே வேறொரு குற்றத்தால் அடிக்கடி இறங்கிய அடுக்கு நாளடைவில் தானும் குற்றமுடையதாகின்றது. சோதிப்பவர் கெட்ட அடுக்கைக் கண்டு அதனோடு அமைந்துவிடின், அதனைக் கெடுத்த மூலக்குற்றம் வண்டியிலேயே தங்கிப் புதியதையும் கெடுக்கும்.

வன்னிக் குளமொன்றை உவமையாகக் கொண்டால் காரணங்கள் தெளிவாகும். வயலுக்கு நீர் வாராமைக்குக் குளம் தூர்ந்திருக்கலாம், வரவுக்கால் அடைபட்டிருக்கலாம், அணைக்கட்டிற் கசிவு இருக்கலாம், நீர் நிறைந்திருந்தும் மதகு திறவாதிருக்கலாம். மின்கலவடுக்கின் கொள்ளளவு குன்றல், ஏற்றம் போதாமை, வண்டி நிற்கையில் மின் ஒழுகல், இணைப்பிற் பழுது என்னும் நான்கும் இவற்றுக்கு ஒப்பாவன.

முதற்கண் அடுக்கையே நோக்குக. வண்டி ஓடி ஓய்ந்தவுடன் அளப்பது பயனற்றது. தகட்டின் மேற்பரப்பில் நிற்கும் ஏற்றம் உவோற்றளவை உயர்த்திக் காட்டும். இரவு முழுதும் ஓய்ந்தபின் அளக்கின், முழு ஏற்றமுடையது 12.6 உவோற்று அளவு காட்டும். 12.2 எனின் ஏறத்தாழ அரைப்பங்கு உண்டு. 12-க்குக் கீழ் எனின் மிக இறங்கிவிட்டது. மூடிகள் திறக்கத்தக்க அடுக்காயின் நீரடர்த்திமானி இன்னும் நேர்மையான சான்று தரும். முழு ஏற்றத்தில் அமிலத்தின் தன்னீர்ப்பு 1.265 அளவினது; வெப்பநாடுகளுக்கென ஆக்கப்பட்டவற்றிற் சிறிது குறைவாயிருத்தலும் உண்டு. நன்கு ஏற்றியபின்னும் ஒரு கலம் மட்டும் ஏனையவற்றினும் 0.050 அளவு தாழ்ந்து நிற்குமாயின் அக்கலம் கெட்டதென்றே கொள்ளலாம். இதனை அளக்குமிடத்துச் சுருட்டு, தீக்குச்சி முதலியன அணுகலாகாது. ஏறும்போது கலம் வெளிவிடும் ஐதரசன் வெடிக்குந் தன்மையது.

ஓய்வில் 12.6 காட்டும் அடுக்கும், தொடக்கு மோட்டார் இழுக்கும்போது படுத்துவிடலாம். எந்திரம் சுழலுகையில் அதன் முனைகளில் 9.6 உவோற்றுக்குக் கீழ் வீழ்ச்சி காணின் அடுக்கை ஐயுறுக. அங்கு உவோற்று நன்றாக இருந்தும் எந்திரம் சோர்ந்து சுழலுமாயின் குற்றம் பெரும்பாலும் வடங்களிலாம். உவோற்றுமானியின் ஒரு முனையை ஈயத் தம்பத்திலும் மறுமுனையை எந்திரவுடலிலும் வைத்து, ஒருவர் எந்திரத்தைச் சுழற்ற மற்றவர் நோக்குக. மண்ணிணைப்பு வடத்தில் 0.2 உவோற்றுக்கு மேல் இழப்பிருப்பின் துருவோ பச்சைப் பூப்போ தடையாக உள்ளது. வெந்நீரிற் சோடாவுப்பைக் கரைத்துக் கழுவித் துலக்கி இறுக்குதலே அதற்குப் பரிகாரம். இத்தகைய ஒரு பிடி பூப்பின் பொருட்டு வீசப்பட்ட அடுக்குகள் பல.

அடுத்து வரவைக் காண்க. எந்திரம் ஓடுகையில் முனைகளில் 13.8 முதல் 14.7 வரை உவோற்று இருத்தல் வேண்டும். பெருவிளக்குகளை ஏற்றியபோதும் அது 13-க்கு மேல் நிற்றல் வேண்டும். பட்டி தளர்ந்து வழுக்கினும், மின்பிறப்பாக்கியின் கரித்துண்டுகள் தேய்ந்தொழியினும் இவ்வளவு தாழும். எரிபொருட் சிக்கனங் கருதிக் கணினியே ஏற்றத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆளும் புதிய வண்டிகளில் ஒருகணம் தாழ்ந்த அளவு காணப்படின் அதனைக் குற்றமென முடிவுசெய்தல் தகாது. யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளிலோ தைனமோவே உண்டு; எந்திரம் மெதுவாக ஓடுகையில் அது ஏற்றுவதில்லை. அவற்றிற் பல நேர்முனையை மண்ணிணைத்தவை என்பதையும் அளப்பவர் மறத்தலாகாது.

குறுகிய ஓட்டமே அடுக்கை இறக்குகின்றது, ஒவ்வொரு தொடக்கமும் பெருமின்னை உண்கின்றது என்று சொல்வாருண்டு. இதைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. தொடக்கு மோட்டார் 150 அம்பியரை மூன்று செக்கன் இழுப்பின் செலவு 450 அம்பியர்-செக்கன். அஃதாவது ஒரு அம்பியர்-மணியின் எட்டிலொரு பங்கு. அறுபது அம்பியர்-மணிக் கொள்ளளவுள்ள அடுக்கில் இது 480-இல் ஒன்று. மாறாக, டிக்கியினுள் அணையாது விடப்பட்ட 5 உவாற்று விளக்கொன்று ஏறத்தாழ 0.4 அம்பியரையே உண்ணும். ஆயின் பன்னிரண்டு மணிநேரத்தில் அதன் செலவு 5 அம்பியர்-மணியாகும். நாற்பது தொடக்கங்களுக்குரிய மின்னை அச்சிறு விளக்கு ஓரிரவில் விழுங்கிவிடும்! குறுகிய ஓட்டம் தீமை செய்வது உண்மையே. ஆனால் விளக்கும் குளிரூட்டியும் வரவையெல்லாம் உண்டு, இரவின் ஒழுக்கை ஈடுசெய்ய மிச்சம் வையாமையே அதற்குப் பெருங் காரணம்.

ஆகவே ஒழுக்கே சோதனையின் உயிர்நிலை. அதனைப் பிரித்தறிய எளிய வழியொன்றுண்டு. அடுக்கை முழுவதும் ஏற்றி, மண்ணிணைப்பு வடத்தைக் கழற்றி ஓரிரவு விடுக. அவ்வாறு விட்டும் காலையில் 12.4-க்குக் கீழ் இறங்கியிருப்பின் ஒழுக்கு அடுக்கினுள்ளேயோ, அமிலமும் புழுதியும் படிந்த அதன் மேன்மூடியிலோ உள்ளது. வடம் பூட்டியிருக்கும் இரவில் மட்டும் இறங்குமாயின் குற்றவாளி வண்டியிலுள்ளான்.

அவனைப் பிடிக்கக் கழற்றிய வடத்துக்கும் தம்பத்துக்கும் இடையே அம்பியர்மானியைத் தொடராக இடுக. 10 அம்பியர் அளவுக்குரிய துளையிலேயே இடுதல் வேண்டும். மானி இணைந்திருக்கையில் எந்திரத்தைத் தொடக்க முயலின் அது கருகும். சாவியை எடுத்து, கதவுகளைச் சாத்தியபின் உடனே காணும் அளவை நம்பலாகாது. புதிய வண்டிகளிலுள்ள கணினிகள் உறங்குதற்கு அரைமணி வரையும், சிலவற்றில் அதற்கு மேலுஞ் செல்லும். அதன்பின் 50 மில்லியம்பியருக்குட்பட்டு நிற்பின் இயல்பு எனலாம். கடிகாரமும் கள்வரெச்சரிக்கையும் அவ்வளவு உண்ணும். மிகுந்து நிற்பின் உருகிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுக. எதனைக் கழற்ற அளவு சட்டென வீழ்கின்றதோ அதன் சுற்றிலே குற்றமுண்டு. ஆனால் உருகியைக் கழற்றி மாட்டுதல் உறங்கிய கணினியை எழுப்பிவிடுவதும் உண்டு. அவ்விடத்து உருகியைக் கழற்றாமலே அதன் முதுகிலுள்ள இரு உலோகப் புள்ளிகளிடையே மில்லியுவோற்றை அளத்தல் மேலான முறை. மின் ஓடாத உருகியில் அளவு சுழியாகும்.

எவ்வுருகியைக் கழற்றினும் அளவு குறையாவிடின் உருகிப் பெட்டியினூடாகச் செல்லாத தடித்த கம்பிகளை நினைக்க. மின்பிறப்பாக்கியினுள் ஆடலோட்டத்தை நேரோட்டமாக்கும் இருவாயிகளில் ஒன்று கெடின், அடுக்கின் மின் அதனூடு பின்னோக்கி ஒழுகும். பகலில் ஏற்றும் உறுப்பே இரவில் திருடுவதாதலின் இது பலரை ஏய்க்கின்றது. தைனமோ வண்டிகளில் இதே கேட்டைச் செய்வது, ஒட்டிக்கொண்டு திறவாத வெட்டுச்சாவி.

குற்றம் யாதுமில்லாத வண்டியும் நெடுநாள் நிற்பின் இறங்கும். 50 மில்லியம்பியர் நாளொன்றுக்கு 1.2 அம்பியர்-மணி, இருபத்தைந்து நாளில் அறுபதில் முப்பது போய்விடும். 2020 மார்ச்சு மாதத்தில் தொடங்கிய ஊரடங்கின்போதும், 2022-இன் எரிபொருட் பஞ்சத்தின்போதும் கிழமைக்கணக்கில் நின்ற வண்டிகளுக்கு நேர்ந்தது இதுவே. நமது வெப்பத்தில் கலம் தானாகவே இறங்குதலும் விரைவு. வெப்பநிலை பத்துப் பாகை உயர அவ்விழப்பு ஏறத்தாழ இருமடங்காகும். நிறுத்திவைப்போர் மண்ணிணைப்பு வடத்தைக் கழற்றி வைத்தலும், மாதமொருமுறை மெல்ல ஏற்றுதலும் நன்று. கலப்பு வண்டிகளில் எந்திரத்தைச் சுழற்றுவது பெரிய உயர்வுவோற்று அடுக்கு. ஆயினும் கணினிகளை எழுப்புஞ் சிறிய 12 உவோற்று அடுக்கு இறங்கின் வண்டி அசையாது. மெதுவாக இறங்குவதை உணர்த்தும் சோர்ந்த சுழற்சி அங்கில்லாமையால் அது முன்னறிவிப்பின்றி நின்றுவிடும்.

இடைக்கிடை மட்டும் தோன்றும் ஒழுக்கே எல்லாவற்றிலும் கடினமானது. சோதிக்கும் நாளில் மானி ஒன்றுங் காட்டாது. மூன்றாம் இரவு வண்டி இறந்திருக்கும். ஒட்டிக்கொள்ளும் ரிலேயும், சரியாகப் பூட்டாத கதவின் சாவியும் இவ்வாறு செய்வன. இதற்கு ஒரு கொப்பியில் மாலையும் காலையும் உவோற்றளவைக் குறித்து, முதனாள் எவ்வெவற்றை இயக்கினர், எக்கதவைத் திறந்தனர் என்பதையும் எழுதி வருக. 12.6-லிருந்து 12.5-க்கு இறங்கும் இரவுகளுக்கிடையே 12.1-க்கு இறங்கிய இரவொன்று வரும். அதன் முன்மாலைக் குறிப்பே தேடவேண்டிய இடத்தைக் காட்டும்.