புல் முளைத்த பாதையில் மீண்டும் சரக்கு வண்டி

சென்னைக்கு மேற்கே வெள்ளானூர் என்றோர் ஊர் இருக்கிறது. அதற்கு ஒரு பக்கம் ஆவடி, மறு பக்கம் செங்குன்றம். ஆவடி நிலையத்தில் சிறிது நேரம் நின்றால் நீண்ட சரக்கு வண்டி ஒன்றாவது தடதடவென்று கடந்து போவதைக் காணலாம். செங்குன்றத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் இந்தியாவின் முதல் இருப்புப் பாதை என்று பெயர் பெற்றது செங்குன்றத்தில் தொடங்கிய பாதைதான் என்றால் நம்புவீர்களா? 1837-ஆம் ஆண்டு வாக்கில், சாலை போடுவதற்கான கற்களை அங்கிருந்து சிந்தாதிரிப்பேட்டைக்குக் கொண்டுவர அது அமைக்கப்பட்டது. பொறியாளர் ஆர்தர் காட்டன் அந்த முயற்சியில் முன்னின்றவர். பம்பாயிலிருந்து தானாவுக்குப் பயணிகள் ரயில் ஓடியது 1853-இல்தான். அதற்கும் முன்பே இங்கே கல் ஏற்றிய பெட்டிகள் உருண்டன! சில ஆண்டுகளிலேயே அந்தப் பாதை கைவிடப்பட்டது. நாளடைவில் நகரம் அதை விழுங்கிவிட்டது.

கைவிடப்பட்ட பாதைகளில் பலவற்றின் கதி இதுதான். ஆனால் காவிரிக் கழிமுகத்தில் ஒரு பாதை, ஏறத்தாழ 40 ஆண்டுகள் மூடிக் கிடந்தபின் திரும்ப வந்திருக்கிறது. அதன் கதை நமக்கு நல்ல பாடம்.

காரைக்கால் 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஊர். அங்கிருந்து திருநள்ளாறு வழியாகப் பேரளத்துக்கு 1898-இல் மீட்டர் பாதை ஒன்று போடப்பட்டது. நீளம் சுமார் 23 கிலோமீட்டர். 1980-களில் அது மூடப்பட்டது. பாதை போன இடத்தில் புல்லும் முள்ளும் மண்டின. பிறகு 2009-இல் காரைக்காலில் புதிய துறைமுகம் இயங்கத் தொடங்கியது. கப்பல்களில் நிலக்கரி வந்து இறங்கியது. 2011-இல் நாகூரிலிருந்து காரைக்காலுக்கு அகலப் பாதை வந்தது. எனினும் வடக்கே போக வேண்டிய வண்டி முதலில் தெற்கே நாகப்பட்டினம் போய், மேற்கே திரும்பித் திருவாரூர் அடைந்து, பிறகு வடக்கே வரவேண்டும். படத்தை விரித்துப் பாருங்கள். மூக்கைச் சுற்றித் தொடும் வேலை! பழைய பேரளம் பாதை இருந்திருந்தால் இந்தச் சுற்று வேண்டியதில்லை. எனவே பெரும்பாலும் பழைய தடத்தை ஒட்டியே புதிய அகலப் பாதை அமைக்கும் வேலை தொடங்கி, 2025-இல் முடிந்தது.

லாரிகள் இருக்கும்போது ரயில் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். விடை சக்கரத்தில் இருக்கிறது. லாரியின் ரப்பர் டயர் சாலையில் படும் இடத்தில் நசுங்கி, உருண்டபின் பழைய வடிவத்துக்கு வருகிறது. இந்த நசுங்கலிலேயே ஆற்றல் வெப்பமாகிப் போய்விடுகிறது. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது இரண்டுமே மிகச் சிறிதளவுதான் நசுங்கும். சமதளத்தில் ஒரு டன் எடையை மெதுவாக உருட்ட, லாரிக்கு ஏறத்தாழ 8 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை வேண்டும். ரயிலுக்கு 2 கிலோவே போதும். ஒரு நிலக்கரி வண்டியில் 58 அல்லது 59 பெட்டிகள். சரக்கு மட்டுமே 3,500 டன்னுக்கு மேல். இதையே லாரிகளில் ஏற்றினால் சுமார் 200 லாரிகள், கழிமுகத்தின் குறுகிய சாலைகளில், நீங்கள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில்!

ரயிலுக்கு ஒரு பலவீனமும் உண்டு. ஏற்றம் அதற்கு ஆகாது. பெட்டிகளையும் சேர்த்து 5,000 டன் எடையுள்ள வண்டிக்குச் சமதளத்தில் 10 டன் இழுவிசை போதும். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில், ஈர்ப்பு விசை டன்னுக்கு இன்னும் 10 கிலோ கேட்கும். மொத்தம் 60 டன் ஆகிவிடும். அது சாதாரண என்ஜின் ஒன்றால் எளிதில் ஆகிற காரியம் அல்ல. காரைக்கால் பகுதி தட்டையான நிலம். ஆதலால் அங்கே ஏற்றம் ஒரு தொல்லையே அல்ல. தொல்லை முழுவதும் மண்ணில்தான்.

பழைய தடம் இருக்கிறதே, தண்டவாளத்தைப் போட்டு வண்டியை விட்டுவிடலாமா? முடியாது. பழைய மீட்டர் பாதையில் ஓர் அச்சின்மேல் வந்த சுமை சுமார் 12 டன். இன்றைய அகலப் பாதைச் சரக்குப் பெட்டியில் அது 22.9 டன் வரை போகலாம். சக்கரம் ஒன்றுக்கு 11 டன்னுக்கு மேல். அந்தச் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடமோ ஒரு சிறு நாணயத்தின் அளவுகூட இராது. அங்கே சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 10 டன் அழுத்தம்! எஃகு அதைத் தாங்கும். களிமண் தாங்குமா?

சேற்றில் நடக்கப் பலகை போடுகிறோம் அல்லவா? இருப்புப் பாதை முழுவதும் அந்தத் தந்திரம்தான். தண்டவாளம் சுமையை அடுத்தடுத்த சில சிலீப்பர் கட்டைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. ஒவ்வொரு கட்டையும் அதைத் தன் அடிப்பரப்பு முழுவதும் பரப்புகிறது. கட்டைக்குக் கீழே கூர்மையான கருங்கல் ஜல்லி. ஒரு கல் தன் கீழுள்ள இரண்டு மூன்று கற்களை அழுத்த, அவை இன்னும் பலவற்றை அழுத்த, சுமை கூம்புபோல விரிகிறது. மண்ணை அடையும்போது அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒன்றிரண்டு கிலோவாகத் தணிந்துவிடும். கூழாங்கல் இந்த வேலைக்கு உதவாது. வழவழப்பாக உருண்டு ஓடிவிடும். உடைத்த கல்லின் முனைகள்தாம் ஒன்றையொன்று கவ்விப் பிடிக்கும்.

கழிமுகத்தின் களிமண்ணோ கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். ஈரக் களிமண்ணின்மேல் ஜல்லி நேராகக் கிடந்தால், சக்கரம் ஒவ்வொன்றும் பம்புபோல அழுத்திச் சேற்றை மேலே இழுக்கும். சேறு புகுந்த ஜல்லி நீரை வடிய விடாது; கட்டை இறங்கும்; தண்டவாளம் பள்ளமாகும்; அடுத்து வரும் சக்கரம் அந்தப் பள்ளத்தில் சம்மட்டி அடிப்பதுபோல் விழும். அதனால்தான் இன்று பாதை போடும்போது கரையை அகலப்படுத்தி இறுக்கி, களிமண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே மணலும் சரளையும் கலந்த ஓர் அடுக்கைப் பரப்புகிறார்கள். அதன்மேல் கிலோமீட்டருக்கு 1,660 கான்கிரீட் கட்டைகள். 23 கிலோமீட்டருக்குக் கணக்கிட்டால் 38,000-க்கு மேல். ஒவ்வொன்றும் கால் டன்னைத் தாண்டும்.

இன்னொன்றும் கவனியுங்கள். வயல்களுக்கு நடுவே எழுப்பிய கரை, ஓர் அணை போன்றது. வாய்க்கால் கடக்குமிடமெல்லாம் கண்மதகும் சிறு பாலமும் சரியான அளவில் அமையாவிட்டால் ஒரு பக்கத்து வயல் மழைக்காலத்தில் மூழ்கும். தண்டவாளம் போடுவதைவிட இந்தக் கண்மதகுகளில்தான் பொறியாளரின் திறமை தெரியும் என்பேன்.

பாதைகள் மூடப்படுவது ஏன்? பெரும்பாலும் அது ஒரு சுழல். பராமரிப்புக் குறைந்தால் பாதை தளரும். விபத்து நேராமலிருக்க வண்டியின் வேகத்தைக் குறைப்பார்கள். வண்டி தாமதமானால் வியாபாரி லாரியைத் தேடுவார். வருமானம் குறையும், பராமரிப்பு இன்னும் குறையும். கடைசியில் 'இப்பாதையில் சரக்கு இல்லை' என்று கணக்கு எழுதப்படும். சரக்கு ஏன் இல்லாமல் போயிற்று என்பதை அந்தக் கணக்கு சொல்லாது. காரைக்காலுக்கு ஒரு துறைமுகம் கிடைத்ததால் சுழல் திரும்பியது. எல்லா ஊருக்கும் துறைமுகம் வாய்க்காது. ஆனால் மூடிய பாதையின் நிலத்தை விட்டுவிடாமல் வைத்திருந்தால், சரக்கு வரும் நாளில் பாதை போட இடமாவது இருக்கும். செங்குன்றத்தில் அந்த இடமும் போய்விட்டது.

ஆவடி போன்ற நிலையத்தில் சரக்கு வண்டி நின்றிருந்தால், நடைமேடையில் இருந்தபடியே பெட்டியின் பக்கவாட்டைப் பாருங்கள். வெற்று எடை, ஏற்றக்கூடிய சுமை இரண்டும் டன் கணக்கில் எழுதியிருக்கும். கூட்டி, அச்சுகளின் எண்ணிக்கையான 4-ஆல் வகுத்தால் அச்சுச் சுமை கிடைக்கும். பழைய மீட்டர் பாதையின் 12 டன்னோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.