தம்பி சொன்ன பொய்யும் நான் கற்ற பாடமும்

"அக்கா, இந்த மருந்து வேண்டாம்! அந்தச் சனியனே தேவலை!"

போதை மறுவாழ்வு மையத்தின் பாத்ரூம் வாசலில் சுருண்டு கிடந்து என் தம்பி அலறியது இன்னும் காதில் ஒலிக்கிறது. வாந்தி, பேதி, நடுக்கம். 'குணப்படுத்தக் கொடுத்த மாத்திரையே உயிரை வாங்கிவிடும் போலிருக்கிறதே' என்று வெலவெலத்துப் போனேன்.

பைக் விபத்தில் கால் ஒடிந்தபோது ஆரம்பித்தது, அபின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரை. கால் கூடியது, மாத்திரை விடவில்லை. என் வளையல் காணாமல் போன பிறகுதான் எங்களுக்கு விஷயமே புரிந்தது.

அதற்குச் சிகிச்சையாக டாக்டர் கொடுத்தது ப்யூப்ரனார்ஃபின். "கடைசியா எப்போ போட்டே?" என்று கேட்டார். "நேத்து ராத்திரி" என்றான். பொய்! அன்று காலையில்தான் போட்டிருக்கிறான். அம்மா மேல் சத்தியம் வாங்கிக்கொண்ட நான் பக்கத்திலேயே நிற்கும்போது உண்மை எப்படி வரும்?

டாக்டர் என்னிடம் விளக்கினார். "மூளையை ஒரு பஸ்ஸுன்னு வெச்சுக்குங்க. ஸீட் முழுக்கப் பழைய மாத்திரை உட்கார்ந்திருக்கு. இந்த மருந்து அதைத் தள்ளிட்டு இடம் பிடிக்கும். ஆனா இதோட வேகம் கம்மி. அதான் உடம்பு திடீர்னு தவிக்குது. ஸீட் தானா காலியாக ஆரம்பிச்சப்புறம் கொடுத்தா, இதுவே தவிப்பை அடக்கும்."

அதனால் கடைசி மாத்திரைக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரமாவது பொறுக்க வேண்டுமாம். நீடித்து வேலை செய்யும் வகையென்றால் இன்னும் அதிகம். கடிகாரம் மட்டும் போதாது. கொட்டாவி, மூக்கில் நீர், மயிர்க்கூச்சு, விரிந்த கண்மணி, நாடித்துடிப்பு எல்லாம் பார்த்து மார்க் போட்ட பிறகே முதல் மாத்திரை. அதை விழுங்கக் கூடாது. நாக்கின் அடியில் கரைய விட வேண்டும்.

அவ்வளவு நேரம் பொறுக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பழையதை உடனே நிறுத்தாமல், இதை 0.2 மில்லிகிராம் போன்ற சிறு அளவில் தொடங்கி, நாளுக்கு நாள் கூட்டும் முறை. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர டாக்டர்கள் 2016-ல் இதை எழுதினார்கள். இதுவும் டாக்டர் கண்காணிப்பில்தான்.

நாலு நாள் அடம்பிடித்தான் தம்பி. மறுபடி பழைய மாத்திரைக்கே போனான். நான் திட்டவில்லை. "நான் வெளியிலே உட்கார்ந்துக்கறேன்டா, டாக்டர்கிட்ட நிஜத்தைச் சொல்லிடு" என்றேன். இந்தத் தடவை சொன்னான். 2 மில்லிகிராம், இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு 2. அன்று ராத்திரி தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினான். நான்தான் தூங்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சகோதரிகளே, இதை வீட்டு வைத்தியமாக முயன்றுவிடாதீர்கள். 'குணமாயிட்டான்' என்று மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். இடைவெளிக்குப் பிறகு பழைய அளவில் போதை மாத்திரை போட்டால் மூச்சே நின்றுவிடலாம். மதுவும் தூக்க மாத்திரையும் கூடச் சேரக் கூடாது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் மருந்தைப் பூட்டியே வையுங்கள். உதவிக்கு 14446 என்ற எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

மாத்திரை டாக்டர் தருவார். உண்மையைச் சொல்லும் தைரியத்தை நாம்தான் தர வேண்டும்.