விரலைக் கண்ணால் தொடர்ந்தால் மனப்புண் ஆறுமா? எப்படி?

சாலை விபத்தொன்றில் உயிர் தப்பிய ஒருவர், வருஷங்கள் கழிந்த பின்னும் பிரேக் கிறீச்சிடும் சப்தம் கேட்ட மாத்திரத்தில் வியர்த்து விறுவிறுத்துப் போகிறாரே, அவர் முன்னே விரலை இடமும் வலமும் அசைத்து, அதைக் கண்ணால் தொடரச் சொல்வதும் ஒரு சிகிச்சையா என்று நீங்கள் கேட்கலாம்.

1987-இல் அமெரிக்காவில் மனோதத்துவம் பயின்று வந்த பிரான்சீன் ஷாப்பிரோ என்ற அம்மையார், பூங்காவில் உலவுகையில், கண்கள் அங்குமிங்கும் ஓட ஓட, மனத்தை உறுத்திய எண்ணங்கள் வலுவிழப்பதைக் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததே இம்முறை.

அந்தந்தக் கணத்து வேலைக்கென்று மனத்தில் உள்ள இடம் குறுகிய திண்ணையைப் போன்றது. பயங்கர ஞாபகம் அதில் கால் நீட்டிப் படுத்திருக்கையில், விரலைத் தொடரும் வேலையும் வந்து உட்கார்ந்தால், ஞாபகம் ஒடுங்கித்தானே ஆகவேண்டும்? ஒடுங்கி மங்கிய அந்த வடிவிலேயே அது திரும்பப் பதிவாகிறது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் ஊகம். சம்பவம் மறப்பதில்லை, அதன் கூர்மைதான் மழுங்குகிறது.

மனக்கணக்குப் போடச் சொன்னாலும் ஞாபகம் மங்குவதால், மகிமையெல்லாம் கண்ணுக்கே உரியதென்று நான் சொல்லமாட்டேன்.

2013-இல் உலக சுகாதார ஸ்தாபனமும் விரலைத் தொடரும் இம்முறையைப் பரிந்துரைத்தது. ஆயினும் வீட்டில் நீங்களாகச் செய்துபார்க்க வேண்டாம். பயிற்சி பெற்றவரையே அணுகுங்கள்.