சர்வர் காட்டும் நேரம் சரிதானா?

கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, கோப்புகளெல்லாம் பூட்டிக்கொண்டன என்று பதறி வரும் நிறுவனங்களிடம் விசாரணை அதிகாரி முதலில் கேட்பது லாக் பதிவுகளைத்தான். வழக்குகள் பல அந்த இடத்திலேயே சிக்கலாகிவிடுகின்றன. வெளியாள் ஒருவர் இரவு 10:14-க்கு நுழைந்ததாக ஃபயர்வால் சொல்லும். அதே ஆள் 10:09-க்கே உள்ளே வந்து கோப்பை அழித்துவிட்டதாக சர்வர் சொல்லும். வாசலில் இருக்கும் சிசிடிவி பெட்டியைத் திறந்தால் 2010 ஜனவரி 1 என்று இருக்கும். எது முன், எது பின் என்று அடுக்கவே முடியாத பதிவுகளை வைத்துக்கொண்டு யாரைப் பிடிப்பது? எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இதைத்தான் முதலில் கையில் எடுப்பார்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் துல்லியமானதல்ல. பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே ஒரு நாளைக்கு 1.7 நொடி, மாதத்துக்கு 50 நொடிக்கு மேல் தள்ளிப்போகும். பத்து சர்வர் இருந்தால் பத்தும் வெவ்வேறு வேகத்தில் விலகும். போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி தீர்ந்துபோனால் இன்னும் மோசம். ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய் நிற்கும். இதைச் சரிசெய்யும் என்டிபி என்ற நெறிமுறையை அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் 1985-லேயே வகுத்துக் கொடுத்துவிட்டார். பைசா செலவில்லாத இந்த வசதியைப் பல இடங்களில் இன்னும் இயக்காமல் வைத்திருப்பதைக் கவனக்குறைவு என்றுதான் சொல்ல வேண்டும்.

இது விருப்பப்பட்டால் செய்யும் வேலையும் அல்ல. இணையப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு தெளிவாக இருக்கிறது. நிறுவனங்கள், டேட்டா சென்டர்கள், அரசு அலுவலகங்கள் எல்லாமே தேசியத் தகவலியல் மையம் அல்லது தில்லியின் தேசிய இயற்பியல் ஆய்வகம் தரும் நேரத்தோடு, அல்லது அவற்றோடு இணைந்த என்டிபி சர்வரோடு, தங்கள் கடிகாரங்களை இணைக்க வேண்டும். லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். உத்தரவை மீறினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70பி பிரிவின்படி ஓராண்டு வரை சிறை; அபராத உச்சவரம்பு 2023 திருத்தத்தில் ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாயாக ஏறிவிட்டது. உத்தரவு போட்டதோடு கடமை முடிந்தது என்று அதிகாரிகள் இருந்துவிட முடியாது. ஒரு சிறு மருத்துவமனையின் நிர்வாகிக்கும் கூட்டுறவுச் சங்கச் செயலாளருக்கும் புரிகிற தமிழில் இதை யார் கொண்டுசேர்ப்பது?

செய்ய வேண்டியது அரை நாள் வேலை. நிறுவனத்தில் இரண்டு மூன்று கருவிகளை நேரம் வாங்குவதற்கென்று ஒதுக்கி, அவற்றில் சமய்1 டாட் என்ஐசி டாட் இன், சமய்2 டாட் என்ஐசி டாட் இன், டைம் டாட் என்பிஎல்இந்தியா டாட் ஓஆர்ஜி ஆகிய முகவரிகளைக் கொடுக்க வேண்டும். மற்ற சர்வர், ஃபயர்வால், சிசிடிவி பெட்டி, கைரேகை வருகைப்பதிவு இயந்திரம் எல்லாம் அந்தக் கருவிகளிடமிருந்து நேரம் வாங்கட்டும். யுடிபி 123-ஆம் போர்ட்டை வெளியே போவதற்கு மட்டும் திறக்க வேண்டும். ஊருக்கெல்லாம் திறந்துவிட்ட என்டிபி சர்வர்களைப் பயன்படுத்தித்தான் 2014-இல் நொடிக்கு 400 ஜிகாபிட் அளவை நெருங்கிய தாக்குதல் நடந்தது.

அமைத்துவிட்டோம் என்று நம்பிவிடாமல் பார்க்க வேண்டும். லினக்ஸில் ‘குரோனிசி டிராக்கிங்’ என்ற கட்டளை, நொடியில் எத்தனை பங்கு விலகல் என்பதையே காட்டிவிடும். விண்டோஸில் ‘டபிள்யூ32டிஎம்’ நிலையைக் கேட்கும்போது நேரத்தின் மூலம் ‘லோக்கல் சிமாஸ் கிளாக்’ என்று வந்தால், அந்த சர்வர் யாரிடமும் நேரம் கேட்கவில்லை, தன் கடிகாரத்தையே நம்பி ஓடுகிறது என்று பொருள். பாஸ்வேர்டு சரியாக இருந்தும் உள்ளே விட மறுக்கிறது என்ற புகாருக்கும் பல நேரங்களில் இதுவே காரணம். விண்டோஸ் டொமைனில் ஐந்து நிமிட வித்தியாசத்தைத் தாண்டினால் உள்நுழைவு மறுக்கப்படும்.

நேரம் தரும் இடம் ஒன்றே ஒன்றாக இருக்கக் கூடாது. 2012 நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் நேர சர்வர்கள் சற்று நேரம் 2000-ஆம் ஆண்டைக் காட்டின. அவற்றை மட்டுமே நம்பியிருந்த நெட்வொர்க்குகள் பன்னிரண்டு ஆண்டுகள் பின்னால் போய் முடங்கின. நான்கு இடங்களில் கேட்டிருந்தவர்களின் சர்வர்கள் தவறான பதிலை ஒதுக்கிவிட்டுத் தம் போக்கில் ஓடின. கூடுதல் மூலங்களைச் சேர்ப்பவர்கள் அவை தேசிய நேரத்திலிருந்து விலகாதவையா என்று பார்த்துச் சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. குற்றம் நடந்த பிறகு கடிகாரம் தப்பு என்று தெரிந்தால் அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். திருத்திய மறுநொடியே, அது எத்தனை நிமிடம் பிசகியிருந்தது என்பதற்கான நேரடிச் சாட்சி போய்விடும். முதலில், சரியான நேரம் காட்டும் செல்போனைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டு நேரமும் தெரிகிற மாதிரி படம் எடுக்க வேண்டும். வித்தியாசம் எத்தனை நிமிடம் எத்தனை நொடி, எந்தக் கருவி, அதன் சீரியல் எண் என்ன, பார்த்தவர்கள் யார் என்று தாளில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். பதிவுகளை நகலெடுத்து, நகல் மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பைக் குறித்துக்கொண்ட பிறகுதான் திருத்தம். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் சர்வரின் நேரத்தை ஒரேயடியாகப் பின்னுக்கு இழுக்கவே கூடாது. பரிவர்த்தனைகளின் வரிசையே குழம்பிவிடும்.

நீதிமன்றத்தில் இந்தத் தாள்தான் கைகொடுக்கும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு சான்றிதழ் கேட்கிறது. அதன் ‘ஏ’ பகுதியைப் பதிவைத் தாக்கல் செய்பவரும் ‘பி’ பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். கருவி சரியாக இயங்கியது, இல்லையென்றால் அந்தக் கோளாறு பதிவைப் பாதிக்கவில்லை என்று அதில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. கடிகாரம் எத்தனை நிமிடம் பிசகியது என்று எழுதிவைக்காதவர் எந்தத் தைரியத்தில் அதில் கையெழுத்திடுவார்?

பணம் போயிருந்தால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்க வேண்டும். சர்வரில் ஊடுருவல் என்றால், தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்கு எழுத வேண்டும். நிறுவனத்தின் கடிகாரம் பிசகியிருந்தால் அந்த வித்தியாசத்தையும் அந்தக் கடிதத்திலேயே சொல்லிவிட வேண்டும். மறைத்தால் பின்னால் அதுவே சந்தேகமாகும்.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது, மாதம் ஒருமுறை எல்லாக் கருவிகளின் நேரத்தையும் பார்த்துக் கையெழுத்திட்ட தாள் தர வேண்டும், சிசிடிவி பெட்டியின் பேட்டரியையும் சோதிக்க வேண்டும் என்று இரண்டு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மறுக்கும் ஒப்பந்ததாரரிடம் வேலை கொடுக்காதீர்கள்.