காய்ச்சலும் கிருமியின் கசையிழையும்

புது தில்லி:

நான்கைந்து நாள்கள் காய்ச்சல் நீடித்தால் "விடால்" பரிசோதனைக்கு எழுதித் தருவது நாட்டின் பல பகுதிகளில் இன்றும் வழக்கம். 1896-ல் பிரெஞ்சு மருத்துவர் விடால் வகுத்த இச்சோதனை, டைஃபாய்டு கிருமியைத் தேடுவதில்லை. அதற்கு எதிராக ரத்தத்தில் உருவான எதிர்ப்பொருள்களையே அளக்கிறது. அதில் "எச்" எனக் குறிக்கப்படுவது, கிருமி நீந்துவதற்கு உதவும் வால் போன்ற கசையிழையைச் சார்ந்தது.

ஃபிளாஜெலின் என்ற புரதத்தின் ஏறத்தாழ 20 ஆயிரம் மூலக்கூறுகள் அடுக்கப்பட்டுத் திருகுச்சுருளாக அமைவதே கசையிழை. இப்புரதத்தின் இரு முனைகளும் பல்வேறு பாக்டீரியாக்களில் பெரிதும் ஒத்திருக்கின்றன. மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பிணைப்பவை அவையே. அங்கு ஒரேயோர் அமினோ அமிலம் மாறினாலும் சில வேளைகளில் சுருள் நிமிர்ந்துவிடும். அடியிலுள்ள மோட்டார் சுழன்றாலும் கிருமி நகராது.

வெளியே துருத்தி நிற்கும் நடுப்பகுதியோ இனத்துக்கு இனம் மாறுகிறது. இம்மாற்றம் நீச்சலையும் பாதிக்கக் கூடும் என்பதற்கு இந்தோனேசியா சான்று. வழக்கமான டைஃபாய்டு கிருமியின் கசையிழை "டி" வகை. அந்நாட்டில் காணப்படும் "ஜே" வகையில், ஃபிளாஜெலினின் நடுவே 87 அமினோ அமிலங்கள் இல்லை. "ஜே" வகை "டி" வகையைவிடக் குறைவாகவே நீந்துகிறது என 1995-ல் வெளியான ஆய்வு காட்டியது.

விடால் சோதனையின் "எச்" அளவு சார்ந்திருப்பதும் இதே நடுப்பகுதியைத்தான். சிக்கலும் இங்கேதான். "டி" வகைக் கசையிழை வேறு சில சால்மோனெல்லா கிருமிகளுக்கும் உண்டு. முன்பு எப்போதோ வந்துபோன டைஃபாய்டின் எதிர்ப்பொருளும் ரத்தத்தில் நெடுநாள் தங்கும். எனவே, ஒரே ஒரு விடால் முடிவை நம்பி டைஃபாய்டு என்று தீர்மானிப்பது பிழையாகலாம். நோயாளிக்குத் தேவையற்ற ஆன்டிபயாடிக் தரப்படலாம்.

அதன் விலை சிறிதன்று. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் 2016-ல், செஃப்ட்ரியாக்சோன் உள்ளிட்ட மருந்துகளுக்குக் கட்டுப்படாத டைஃபாய்டு பரவத் தொடங்கியது. மருந்து எதிர்ப்பைத் தடுப்பதற்கான தேசியச் செயல் திட்டத்தை மத்திய அரசு 2017-ல் வெளியிட்டது. ஆனால், டைஃபாய்டை உறுதிசெய்யவும், எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று அறியவும் ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குச் சில நாள்களும் தேர்ந்த ஆய்வகமும் தேவை. நிதிநிலை அறிக்கை விவாதங்களில் புதிய மருத்துவக் கல்லூரிகளுக்குக் கிடைக்கும் கவனத்தில் ஒரு பங்குகூட மாவட்ட ஆய்வகங்களுக்குக் கிடைப்பதில்லை.