மூன்று துளி ஷாம்பூ

ஓட்டோவின் கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பதுளை பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள கடைகளில் எத்தனையோ தடவை பார்த்திருப்போம். முதலில் சோப்புத் தண்ணீர் அடிப்பார்கள். பிறகு ஸ்டிக்கரை வைத்து, இப்படியும் அப்படியும் நகர்த்தி நேராக்குவார்கள். கடைசியில் ஒரு ரப்பர்த் தகட்டால் தண்ணீரை வழித்தெடுப்பார்கள். ஒட்டவேண்டிய பொருளுக்கு அடியில் ஏன் தண்ணீர் என்று சின்ன வயதில் நான் கேட்டதுண்டு. "ஒட்டாமல் இருக்கத்தான்" என்றார் கடைக்காரர். அது எவ்வளவு சரியான பதில் என்று புரிய எனக்குப் பல வருடங்கள் சென்றன.

இன்று அதே வித்தை காரின் பெயின்ட் முழுவதற்கும் நடக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025இல்தான். அந்த ஐந்து வருடமும் கையிலிருந்த வண்டியைக் கண்போலக் காத்தார்கள் நம் மக்கள். தோட்டப் பாதைகளில் முன்னால் போகும் லொறி தெறிக்கும் சிறு கல் ஒன்று போதும், பொனட்டில் வெள்ளைப் புள்ளி விழ. காரின் பெயின்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்து 100 முதல் 150 மைக்ரோன் தடிப்புத்தான். ஒரு மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்று. அப்பியாசக் கொப்பியின் ஒரு தாளே ஏறக்குறைய அவ்வளவு தடிப்பு வரும். அதன்மேல் இரண்டு தாள் தடிப்பில் ஒரு பாதுகாப்புப் படலத்தை ஒட்டுகிறார்கள். பொலியூரிதேன் என்ற, ரப்பர்போல் இழுபடும் பிளாஸ்டிக் அது. வியட்நாம் போர்க்காலத்தில் ஹெலிகொப்டர் இறக்கைகளை மணல் அரிக்காமல் காக்கப் பிறந்த படலத்தின் வாரிசு.

படலத்தின் அடிப்பக்கம் முழுக்கப் பசை. தொட்டால் பிடிக்கும் பசை. ஒன்றரைச் சதுர மீற்றர் பொனட்டில், வளைவும் மடிப்புமான உலோகத்தில், ஒரு முனை கோணலாகப் பட்டாலும் பிடித்தது பிடித்ததுதான். அதைத் தடுக்க மேசையில் இரண்டு ஸ்ப்ரே போத்தல்கள் இருக்கும். இரண்டிலும் இருப்பது பார்வைக்குத் தண்ணீர். ஒன்றை வழுக்குநீர் என்போம்: தண்ணீரில் சில துளி குழந்தை ஷாம்பூ. மற்றதைப் பிடிநீர் என்போம்: தண்ணீரில் பத்து முதல் இருபத்தைந்து சதவீதம் வரை ஐசோபுரொப்பைல் அற்ககோல். கொவிட் காலத்தில் கையில் தேய்த்த தொற்றுநீக்கிகள் பலவற்றில் இருந்ததும் இந்த அற்ககோல்தான்.

வெறும் தண்ணீர் ஏன் போதாது? தண்ணீருக்கு ஒரு தோல் உண்டு. அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுக இழுத்துக்கொள்வதால் மேற்பரப்பு ஒரு மெல்லிய சவ்வுபோல விறைத்து நிற்கிறது. இந்த இழுப்புக்குப் பரப்பிழுவை என்று பெயர். குளத்தில் பூச்சி நடப்பது அந்தத் தோலின் மேல்தான். மெழுகுத்தன்மையான பெயின்டில் ஊற்றினால் தண்ணீர் பரவாது. மணி மணியாகத் திரண்டு நிற்கும். மணிகளுக்கு இடையே வறண்ட திட்டுகள் கிடக்கும். பசை முதலில் பிடிப்பது அந்தத் திட்டுகளைத்தான்.

தோட்டத்தில் மருந்தடிக்கிறவர்களுக்கு இது பழகிய தலையிடி. 1946இல் இலங்கைக்குள் வந்த கொப்புள நோய், தேயிலையின் இளங்கொழுந்தைத் தாக்கும் பூஞ்சணம். அதற்குச் செப்பு மருந்து அடிக்கிறார்கள். ஆனால் கொழுந்தின் மேல் மெழுகும் பூனைமயிரும். மருந்துநீர் உருண்டு மண்ணில் விழுந்தால் இலைக்கு என்ன பயன்? ஆகவே மருந்தோடு, நீரை இலையில் பரவச்செய்யும் ஒரு திரவத்தையும் கலப்பதுண்டு. முதுகில் டாங்கியைச் சுமந்து மலையேறுபவரும், நகரத்தில் காருக்குப் படலம் ஒட்டுபவரும் மல்லுக்கட்டுவது தண்ணீரின் அதே தோலோடுதான்.

ஷாம்பூவின் வேலை இங்கே தொடங்குகிறது. அதற்குள் இருக்கும் மூலக்கூறுகளுக்குத் தலையும் வாலும் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். இவற்றைப் பரப்புச்செயலிகள் என்கிறோம். குழந்தை ஷாம்பூக்கள் பலவற்றில் இருக்கும் ஒன்று, நம் தேங்காய் எண்ணெயிலிருந்து செய்யப்படுகிறது. தண்ணீரில் விட்டதும் இவை மேற்பரப்புக்கு ஓடி, வாலை வெளியே நீட்டிக்கொண்டு வரிசையாக நிற்கும். நீர் மூலக்கூறுகளின் இறுக்கம் தளர்ந்து பரப்பிழுவை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். மணியாக நின்ற நீர் பாய்போல விரியும்.

எத்தனை துளி வேண்டும்? நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. ஷாம்பூவில் பத்தில் ஒரு பங்கு பரப்புச்செயலி என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு துளியில் உள்ள மூலக்கூறுகளைத் தோளோடு தோளாக ஒற்றை அடுக்காகப் பரப்பினால் ஏறக்குறைய நான்கு சதுர மீற்றரை மூடலாம். மூன்று துளி, பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவின் தரை முழுவதையும் மூடிவிடும்! ஒரு லீற்றருக்குச் சில துளி என்று ஒட்டுபவர்கள் கைக்கணக்கில் சொல்வது வெறும் கைக்கணக்கல்ல.

ஒரு மூலக்கூறு தடிப்புள்ள இத்தகைய படலங்களை முதலில் ஒழுங்காக அளந்தவர்களில் ஒருவர் ஒரு ஜெர்மன் பெண். அக்னெஸ் பொக்கெல்ஸ் என்று பெயர். அக்காலத்தில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்தது. வீட்டு வேலைகளுக்கிடையே, தகரத் தொட்டி ஒன்றில் தண்ணீர் நிரப்பி, அதன் மேற்பரப்பில் சோப்பும் எண்ணெயும் என்ன செய்கின்றன என்று வருடக்கணக்கில் அளந்தார். தம் முடிவுகளை இயற்பியலாளர் ரேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுத, அவர் அதை 1891இல் 'நேச்சர்' இதழில் வெளியிடச் செய்தார். அடுப்படியில் நின்றபடி ஒரு புதிய அறிவியலுக்கு அடித்தளம் போட்ட அந்தப் பெண்ணை நம் பள்ளிக்கூடப் புத்தகங்கள் இன்னும் பெரிதாகக் கொண்டாட வேண்டும்.

பொனட்டுக்குத் திரும்புவோம். வழுக்குநீர் அடித்ததும் பசையின் மேலும் பெயின்டின் மேலும் பரப்புச்செயலிகள் ஒட்டி நிற்கின்றன. வால் பசைப்பக்கம், தலை நீர்ப்பக்கம். இரு பரப்பும் ஈரச் சட்டை போட்டுக்கொண்டதுபோல. நடுவே இருபது மைக்ரோன் தண்ணீர் இருப்பதாக வைப்போம். பசையின் பிடி மூலக்கூறுகளுக்கிடையிலான கவர்ச்சி. அதன் கை நீளம் ஒரு மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அந்தக் கையை ஒரு மீற்றராகப் பெருப்பித்தால், நடுவிலுள்ள தண்ணீர் இருபது கிலோமீற்றர் அகலமாகும். பதுளையில் நிற்பவர் எல்லவில் நிற்பவரின் கையைப் பிடிக்க முடியுமா? அதனால்தான் படலம் மிதக்கிறது, விரல் தள்ளிய பக்கமெல்லாம் வழுக்கிப் போகிறது. ஒட்டுபவர் பசையைத் தொடுமுன் தன் விரல்களிலும் அதே நீரை அடித்துக்கொள்வதைக் கவனியுங்கள். உலர்ந்த விரல் பட்டால் ரேகை பசையில் பதிந்து, கண்ணாடிபோன்ற படலத்துக்குள் அப்படியே தெரியும்.

இடம் சரியானதும் பிடிநீரின் முறை. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த புதிர் இருக்கிறது. அற்ககோலும் பரப்பிழுவையைக் குறைக்கிறது, ஷாம்பூவைப் போலவே. அப்படியானால் ஒன்று வழுக்க, மற்றது ஏன் பிடிக்க உதவுகிறது? ஷாம்பூ தங்கிவிடும், அற்ககோல் போய்விடும். வித்தியாசம் அவ்வளவுதான். ஓரத்தைத் தூக்கிப் பிடிநீர் அடித்தால், அது இடுக்குகளில் புகுந்து ஷாம்பூவைக் கரைத்துக் கழுவி வெளியே கொண்டுவரும். பிறகு தானும் ஆவியாகும். தடையாக நின்ற எதுவும் மிஞ்சாத இடத்தில் பசை பெயின்டைத் தொடும். ஆகவே முதலில் ஒரு மூலையை மட்டும் பிடிநீரால் நங்கூரமிட்டு, மிச்சத்தை வழுக்குநீரில் மிதக்கவிட்டு, இழுத்து, நீவி, ஓரங்களுக்கு மறுபடி பிடிநீருக்கு வருகிறார்கள். ஷாம்பூ கூடிப்போனால் ஓரங்கள் சில நாளில் எழும்பும். குறைந்தால் பாதி வழியில் பசை பிடித்துக் கோடு விழும்.

ஊவாவில் இந்தக் கலவைக்குக் காலநிலையும் ஒரு கை போடுகிறது. ஜூலை முதல் செப்டெம்பர் வரை மலையைத் தாண்டி இறங்கும் வறண்ட கச்சான் காற்று, ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் வாசத்தைக் கொடுக்கும். அதே காற்று பொனட்டில் அடித்த நீரை, வழிக்குமுன்பே உலர்த்திவிடவும் கூடும். அப்போது கதவைச் சாத்தி, நிழலில், அடிக்கடி நீர் தெளித்துக்கொண்டே வேலை செய்யவேண்டும். வடகீழ்ப் பருவமழை மாதங்களிலோ காற்றே ஈரம். நீர் போக மனமில்லாமல் கிடக்கும், பிடிநீரில் அற்ககோல் சற்றுக் கூட வேண்டியிருக்கும். அற்ககோல் பக்கத்தில் நெருப்பு கூடாது என்பதை மட்டும் எந்த மாதத்திலும் மறக்கக் கூடாது.

தண்ணீரும் சும்மா தண்ணீரல்ல. பதுளை, வெலிமடைப் பக்கத்துப் பாறைகளுக்குள் சலவைக்கல்லும் டொலமைட்டும் பட்டை பட்டையாக ஓடுகின்றன. கவ்வாத்துக் காலத்தில் தேயிலை மண்ணின் புளிப்பைத் தணிக்கத் தூவுகிறோமே, அதே டொலமைட். அத்தகைய பாறை வழி ஊறிவரும் நீரில் கல்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். அதில் சவர்க்காரத்தைக் கரைத்தால் நுரைக்குப் பதிலாக வெண்திரைதான் வரும். ஷாம்பூவிலுள்ள பரப்புச்செயலிகள் அப்படித் திரளாது; சவர்க்காரத்தை விட்டு ஷாம்பூவை எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் நீர் உலர்ந்தபின் உப்பு மட்டும் படலத்துக்கு அடியில் புள்ளியாகத் தங்கும். எனவே கவனமானவர்கள் பற்றரிக்கு ஊற்றும் வடிநீரில்தான் கலக்கிறார்கள்.

எவ்வளவு வழித்தாலும் கொஞ்சம் ஈரம் உள்ளே மிஞ்சும். வண்டியை எடுத்துப்போன மறுநாள் சில இடங்களில் பால் கலந்ததுபோல மங்கல் தெரியும், சிறு நீர்க்கொப்புளமும் இருக்கலாம். ஊசியால் குத்தப் போகிறவர்கள் உண்டு, குத்தக் கூடாது. பொலியூரிதேன் தண்ணீர்த் துளியை உள்ளே விடாது, ஆனால் நீராவியை மெல்ல வெளியே விடும். மழையைத் தடுக்கும் அதே படலத்தின் ஊடாக, ஒவ்வொரு மூலக்கூறாக, அந்த ஈரம் சில நாட்களிலோ சில வாரங்களிலோ வெளியேறுகிறது. வெயில் பட்டால் சீக்கிரம். ஹப்புத்தளை மூடுபனியில் நிறுத்திய வண்டிக்குக் கொஞ்சம் கூடப் பொறுக்க வேண்டும்.